லினக்ஸில் டேப் டிரைவ்: எஸ்டி0, என்எஸ்டி0, மற்றவை

ஒரு எல்டிஓ (பேக்கப்புக்குப் பரவலாகப் புழங்கும் டேப் வகை) டேப் டிரைவைச் சர்வரில் மாட்டி ஆன் செய்துவிட்டு /டெவ் டைரக்டரியைப் பார்த்தால், மாட்டியது ஒரே டிரைவ், வந்து நிற்பது எட்டுப் பெயர்: எஸ்டி0, எஸ்டி0எல், எஸ்டி0எம், எஸ்டி0ஏ, அப்புறம் இதே நான்கும் முன்னால் ஒரு 'என்' சேர்த்து. போதாக்குறைக்கு எஸ்ஜி என்று தொடங்கும் இன்னொன்று. எதைத் திறப்பது என்று தெரியாமல் முதலில் கண்ணில் படும் எஸ்டி0-வைப் பிடித்துக்கொண்டு பேக்கப் எடுக்கத் தொடங்குகிறவர்கள் நிறைய. டேப்பில் மாட்டிக்கொள்ளும் சிக்கல்களில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகிறது. இந்தப் பெயர்கள் என்ன சொல்கின்றன, டேப்போடு பேச கெர்னல் என்னென்ன வழி விட்டிருக்கிறது, அதைக் கட்டளை வரியிலும் சொந்தப் புரோகிராமிலும் எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் போட்டுக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். டேப்பில் 'இப்போது எங்கே நிற்கிறோம்' என்பது டிரைவுக்குள் இருக்கிறது, உங்கள் புரோகிராமுக்குள் இல்லை. சாதாரண ஃபைலில் அந்த இடம் ஃபைல் டிஸ்க்ரிப்டரோடு ஒட்டிக்கொண்டது, மூடினால் போயிற்று, மறுபடி திறந்தால் பூஜ்யத்திலிருந்துதான். டேப்பில் ஒரு புரோகிராம் விட்டுவிட்டுப் போன இடத்தில்தான் அடுத்த புரோகிராம் வந்து நிற்கும், அது ஃபைல்களை ஆர்க்கைவாகக் கட்டும் டார் ஆனாலும் சரி, பைட்டுகளை நகலெடுக்கும் டிடி ஆனாலும் சரி, நீங்களே எழுதிய சி புரோகிராம் ஆனாலும் சரி. ஃபைலில் இடம் மாற்ற உதவும் எல்சீக் என்ற அழைப்பை வைத்து இங்கேயும் இடம் மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். லினக்ஸில் டேப்பை இயக்கும் எஸ்டி டிரைவர் அந்த அழைப்பை வாங்கிக்கொண்டு பிழை எதுவும் சொல்லாது, டேப்பையும் நகர்த்தாது. பிழையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பெயர்களைப் படிக்கும் விதம்

இவை எல்லாம் கேரக்டர் டிவைஸ்கள், எந்த டிரைவர் என்று கெர்னலுக்குச் சொல்லும் மேஜர் எண் 9. வித்தியாசம் முழுக்க, அந்த டிரைவரின் கீழ் எது என்று சொல்லும் மைனர் எண்ணில் இருக்கிறது. அதன் எட்டு பிட்டில் கீழே உள்ள ஐந்தும் டிரைவ் எண், அடுத்த இரண்டும் மோட், மேலே உள்ள ஒன்று 'மூடும்போது ரீவைண்ட் செய்யாதே' என்ற குறி. அதனால்தான் எஸ்டி0-வின் மைனர் எண் 0, என்எஸ்டி0-வின் எண் 128. எல், எம், ஏ என்று முடிகிறவை 32, 64, 96. நேரம் இருந்தால் எல்எஸ் -எல் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மோட் என்பது ஒரே டிரைவுக்கு நான்கு விதமான அமைப்புகளை, அதாவது பிளாக் அளவு, டென்சிட்டி, கம்ப்ரெஷன் போன்றவற்றை, முன்கூட்டியே வைத்துக்கொள்ளும் வசதி. எஸ்டிஇனிட் என்ற கருவியை வைத்து வரையறுக்க வேண்டும். வரையறுக்காதவரை முதல் மோட் மட்டும்தான் வேலை செய்யும். பல தலைமுறை கார்ட்ரிட்ஜ்கள் புழங்கிய காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது, இன்று ஒரே எல்டிஓ டிரைவை வைத்திருப்பவருக்குத் தேவையே இல்லை. எட்டுப் பெயரில் ஆறை மறந்துவிடலாம்.

மீதி இரண்டு. எஸ்டி0-வைத் திறந்து மூடினால், மூடும் அந்த நொடியில் கெர்னல் டேப்பை ஆரம்பத்துக்குச் சுற்றிவிடும். என்எஸ்டி0-வை மூடினால் டேப் நின்ற இடத்திலேயே நிற்கும். இவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் இதன் விளைவைப் பாருங்கள்:

டார் -சிஎஃப் /டெவ்/எஸ்டி0 /ஹோம்
டார் -சிஎஃப் /டெவ்/எஸ்டி0 /ஈடிசி

இரண்டு கட்டளையும் பிழையில்லாமல் முடியும். டேப்பில் இருப்பது ஈடிசி மட்டும். முதல் டார் முடிந்து டிவைஸை மூடியதும் டேப் ஆரம்பத்துக்கு வந்துவிட்டது, இரண்டாவது டார் அதன்மேலேயே எழுதிவிட்டது. இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: டேப்பில் நடுவில் எழுதினால், எழுதி முடித்த இடம்தான் புதிய 'தகவல் முடிவு'. அதற்கு அப்பால் பழைய தகவல் காந்தத்தில் இருக்கத்தான் செய்யும், ஆனால் டிரைவ் உங்களை அங்கே போக விடாது. ஹோம் பெரியது, ஈடிசி சின்னது, ஆகவே ஹோமின் பின்பாதியாவது தப்பியிருக்கும் என்ற ஆறுதல் வேண்டாம்.

டேப்பை நகர்த்த எம்டி என்ற கட்டளை உண்டு. இதே காரணத்தால் 'எம்டி -எஃப் /டெவ்/எஸ்டி0 எஃப்எஸ்எஃப் 1' என்பதும் வெட்டி வேலை. ஒரு ஃபைல் முன்னால் நகரும், எம்டி முடிந்து மூடும், டேப் திரும்ப ஆரம்பத்துக்கு ஓடிவிடும். என் கட்சி எளிது: எப்போதும் என்எஸ்டி, ரீவைண்ட் வேண்டுமானால் நாமே சொல்வோம். டேப் என்ற சூழல் மாறியில் இந்தப் பெயரை வைத்துவிட்டால் டார், எம்டி இரண்டும் அதையே எடுத்துக்கொள்ளும்.

ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவ் இருந்தால் 0, 1 என்ற எண்ணையும் நம்பாதீர்கள். கண்டுபிடிக்கப்பட்ட வரிசையில் வரும் எண் அது, ரீபூட் செய்தால் மாறலாம். டிவைஸ் பெயர்களைக் கவனித்துக்கொள்ளும் யூடெவ் உருவாக்கும் /டெவ்/டேப்/பை-ஐடி டைரக்டரியில் டிரைவின் அடையாள எண்ணோடு சிம்லிங்க் இருக்கும், அதில் என்எஸ்டி என்று முடிவதை ஸ்கிரிப்டில் போடுங்கள். அனுமதி இல்லை என்று வந்தால் பல டிஸ்ட்ரோக்களில் இந்த டிவைஸ்கள் டேப் என்ற குரூப்புக்குச் சொந்தம், பயனரை அதில் சேர்த்தால் போதும், ரூட்டாக ஓட்ட வேண்டாம்.

ஃபைல்மார்க்

டேப்பில் ஃபைல் சிஸ்டம் கிடையாது, ஃபைல் பெயரும் கிடையாது. இருப்பது பிளாக்குகள், அவற்றுக்கு இடையில் ஃபைல்மார்க் என்ற பிரிப்புக் குறி. எழுதிவிட்டு டிவைஸை மூடும்போது கெர்னலே ஒரு ஃபைல்மார்க்கை எழுதிவிடும். ஆக ஒரு திறப்பு, எழுத்து, மூடல் சேர்ந்து டேப்பில் ஒரு 'ஃபைல்'.

படிக்கும்போது ரீட் அழைப்பு ஃபைல்மார்க்கைத் தொட்டால் பூஜ்யம் பைட் திரும்ப வரும், சாதாரண ஃபைல் முடிந்தது போலவே. ஆனால் இங்கே அதோடு கதை முடியவில்லை, மறுபடி ரீட் அழைத்தால் அடுத்த ஃபைலின் தகவல் வரத் தொடங்கும். அடுத்தடுத்து இரண்டு முறை பூஜ்யம் வந்தால்தான் எழுதிய தகவல் எல்லாம் தீர்ந்தது என்று பொருள். மூன்றாவது முறையும் கேட்டால் பிழை. டேப் முழுவதையும் படிக்கும் புரோகிராம் எழுதுகிறீர்கள் என்றால் உங்கள் லூப்பின் அடிப்படையே இதுதான்.

அடுத்தது பலரைக் குழப்புவது. என்எஸ்டி0-வில் டார் வைத்து முதல் ஆர்க்கைவைப் படித்து முடித்துவிட்டு உடனே இரண்டாவதைப் படிக்க இன்னொரு டார் ஓட்டுகிறீர்கள், ஒன்றுமே வருவதில்லை. டார் தன் ஆர்க்கைவின் முடிவைக் கண்டதும் நிறுத்திவிடுகிறது, ஃபைல்மார்க்வரை போவதில்லை. லினக்ஸ் டிரைவர் இயல்பாக பிஎஸ்டி முறையைப் பின்பற்றுகிறது, அதாவது படித்துவிட்டு மூடினால் டேப்பைத் தொடாது. ஆகவே டேப் ஃபைல்மார்க்குக்கு இந்தப் பக்கமே நிற்கிறது, இரண்டாவது டார் முதலில் முட்டுவது அந்தக் குறியில்தான். சிஸ்டம் ஃபைவ் முறையை ஆன் செய்தால் மூடும்போது கெர்னலே குறியைத் தாண்டிவிடும், அதற்கு டிரைவர் ஆப்ஷன் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு நடத்தை என்று வைத்துக்கொள்வது பின்னால் தலைவலி, நடுவில் ஒரு 'எஃப்எஸ்எஃப் 1' போடுவது மேல்.

அதைவிட மேல் ஏஎஸ்எஃப். முன்னால் இத்தனை, பின்னால் இத்தனை என்று கணக்குப் போடாமல், 'மூன்றாம் எண் ஃபைலுக்குப் போ' என்று நேராகச் சொல்லலாம், எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும்:

எம்டி -எஃப் /டெவ்/என்எஸ்டி0 ஏஎஸ்எஃப் 3

பின்னால் போகும் பிஎஸ்எஃப் ஏன் எரிச்சல் என்றால், அது ஃபைல்மார்க்கைத் தாண்டி அதன் முன்பக்கத்தில், முந்தைய ஃபைலின் வாலில் கொண்டுபோய் நிறுத்தும். அங்கிருந்து படித்தால் உடனே குறியில் முட்டி பூஜ்யம். பிஎஸ்எஃப்எம் என்ற இன்னொன்று தாண்டிவிட்டுத் திரும்ப ஒரு குறி முன்னால் வந்து ஃபைலின் தலையில் நிற்கும். ஏஎஸ்எஃப் உள்ளே ரீவைண்ட் செய்துவிட்டு எண்ணிப் போவதால் சற்று நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

ஏற்கெனவே உள்ளதற்குப் பின்னால் சேர்க்க வேண்டுமானால், எழுதுவதற்கு முன் தகவலின் முடிவுக்குப் போய்விடுங்கள்:

எம்டி -எஃப் /டெவ்/என்எஸ்டி0 இஓஎம்

இந்த வரியைத் தானியங்கி ஸ்கிரிப்டில் போடும்போது அதன் எக்ஸிட் கோடைச் சரிபார்க்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். இஓஎம் தோற்று, டேப் ஆரம்பத்தில் நின்று, அடுத்த டார் ஓடினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

பிளாக் அளவு

டிஸ்க்கில் பிளாக் அளவை கெர்னல் மறைத்துவிடுகிறது, நாம் எத்தனை பைட் எழுதினாலும் அது பார்த்துக்கொள்ளும். டேப்பில் மறைப்பதில்லை. இரண்டு முறை உண்டு. நிலையான பிளாக் முறையில் அளவு முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது, நீங்கள் எழுதும் ஒவ்வொரு ரைட்டும் அதன் மடங்காக இருக்க வேண்டும். மாறும் பிளாக் முறையில் ஒரு ரைட் அழைப்பு என்பது டேப்பில் ஒரு பிளாக், அவ்வளவு நேரடி. 10,240 பைட் எழுதினால் 10,240 பைட் பிளாக், அடுத்ததாக 7 பைட் எழுதினால் 7 பைட் பிளாக்.

மாறும் முறைக்கு மாற்ற:

எம்டி -எஃப் /டெவ்/என்எஸ்டி0 செட்பிஎல்கே 0

படிக்கும்போது நீங்கள் கேட்கும் அளவு பிளாக்கைவிடப் பெரிதாக இருந்தால் பிரச்சினை இல்லை, பிளாக்கில் உள்ளது மட்டும் வரும், எத்தனை பைட் என்றும் தெரியும். சின்னதாகக் கேட்டால் இஎன்ஓமெம் என்ற பிழை, அதாவது 'கேனாட் அலோகேட் மெமரி'. இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு சர்வரில் ரேம் போதவில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, டேப்பில் உள்ள பிளாக் நீங்கள் கொடுத்த பஃபரைவிடப் பெரியது, அவ்வளவுதான். 2.4-க்கு முந்தைய பழைய கெர்னல்களில் மிச்ச பைட்டுகளைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும் வழக்கம் இருந்தது, அதற்கு இந்தக் குழப்பமான பிழையே தேவலை.

யாரோ எப்போதோ எழுதிய கார்ட்ரிட்ஜ் கையில் வந்து, பிளாக் அளவு தெரியவில்லை என்றால் இந்த நடத்தையை வைத்தே கண்டுபிடிக்கலாம். செட்பிஎல்கே 0, ரீவைண்ட், பிறகு:

டிடி ஐஎஃப்=/டெவ்/என்எஸ்டி0 ஓஎஃப்=/டெவ்/நல் பிஎஸ்=1எம் கவுண்ட்=1

எத்தனை பைட் நகலெடுத்தது என்று டிடி கடைசியில் சொல்லும், அதுதான் முதல் பிளாக்கின் அளவு. 262144 என்று வந்தால் 256 கிலோபைட், டாரில் -பி 512 என்று கொடுக்க வேண்டும், ஏனென்றால் டார் 512 பைட் துண்டுகளில் எண்ணும். டிடி ஒரு பிளாக்கைப் படித்து நகர்த்திவிட்டதால், டார் ஓட்டும் முன் மறுபடி ரீவைண்ட்.

புதிதாக எழுதும்போது டாரின் இயல்பான 10,240 பைட்டை அப்படியே விடாதீர்கள். எல்டிஓ டிரைவுக்குத் தகவல் தடையில்லாமல் வந்துகொண்டிருக்க வேண்டும், வரத்து குறைந்தால் டேப்பை நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி ஓட்டி என்று முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்கும், வேகமும் போகும், டேப்பும் தேயும். 256 கிலோபைட் நல்ல தொடக்கம். ரொம்பப் பெரிதாகப் போனால் டிரைவரின் பஃபரோ, டிரைவை மெஷினோடு இணைக்கும் ஸ்கஸி கார்டின் வரம்போ குறுக்கே வரும், இன்னொரு மெஷினில் படிக்க முடியாமல் போகும் அபாயமும் உண்டு. எந்த அளவோ, அதைக் கார்ட்ரிட்ஜ் லேபிளில் எழுதி வையுங்கள்.

புரோகிராமிலிருந்து பேசுவது

ஓபன், ரீட், ரைட், குளோஸ் தவிர மற்றதெல்லாம் ஐஆக்டல் வழியாக, அதாவது டிவைஸுக்கே உரிய வேலைகளைச் சொல்லும் அழைப்பு வழியாக. எம்டி கட்டளையும் உள்ளே இதைத்தான் செய்கிறது. எம்டிஐஓ என்ற ஹெடர் ஃபைலில் மூன்று அழைப்புகள் உண்டு. எம்டிஐஓசிடாப் வேலை செய்யச் சொல்வது, அதற்கு ஒரு ஸ்ட்ரக்சரில் எந்த வேலை, எத்தனை முறை என்ற இரண்டே புலங்கள்: எம்டிஎஃப்எஸ்எஃப், 3 என்று கொடுத்தால் மூன்று ஃபைல்மார்க் முன்னால். எம்டிஐஓசிகெட் நிலவரம் கேட்பது. எம்டிஐஓசிபாஸ் டிரைவின் கணக்குப்படி எந்த பிளாக் எண்ணில் நிற்கிறோம் என்று கேட்பது. அந்த எண்ணைக் குறித்துவைத்து, பிறகு எம்டிசீக் வேலையால் நேராக அங்கே போகலாம், பெரிய டேப்பில் இதுதான் வேகமான வழி.

நிலவரத்தில் பார்க்க வேண்டியவை ஃபைல் எண், பிளாக் எண், பொதுநிலை பிட்டுகள். எம்டி ஸ்டேட்டஸ் காட்டும் பிஓடி என்றால் டேப்பின் ஆரம்பத்தில் நிற்கிறது, இஓஎஃப் என்றால் சற்றுமுன் ஃபைல்மார்க்கைத் தாண்டியது, இஓடி (எண்ட் ஆஃப் டேட்டா) என்றால் தகவலின் முடிவு, டபிள்யூஆர்_ப்ராட் என்றால் கார்ட்ரிட்ஜின் எழுதுதடை போடப்பட்டிருக்கிறது, டிஆர்_ஓபன் என்றால் உள்ளே டேப்பே இல்லை. ஃபைல் எண் -1 என்று வந்தால் எங்கே நிற்கிறோம் என்று கெர்னல் கணக்கைத் தவறவிட்டுவிட்டது, பதறாமல் ஒரு ரீவைண்ட் போடுங்கள்.

ஓபன் அழைப்பிலேயே சில பிழைகள் வரும். டேப் இல்லாவிட்டால் இஎன்ஓமீடியம், எழுதுதடை உள்ள டேப்பை எழுதத் திறந்தால் இஆர்ஓஎஃப்எஸ். டேப் இல்லாதபோதும் திறந்து நிலவரம் மட்டும் கேட்க வேண்டுமா, ஓ_நான்பிளாக் கொடியோடு திறக்கலாம். அப்புறம் இபிஸி. ஒரு டிரைவை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறொரு ஜன்னலில் எம்டி ஸ்டேட்டஸ் போட்டால் 'டிவைஸ் பிஸி' என்று வருவது இதனால்தான், கோளாறு ஒன்றும் இல்லை. எஸ்டி0, என்எஸ்டி0 இரண்டும் வேறு பெயர் என்பதால் தப்பிக்க முடியாது, பின்னால் இருப்பது ஒரே டிரைவ். ஓடும்போது எவ்வளவு எழுதியிருக்கிறது என்று பார்க்க, டிவைஸைத் திறக்காமலே /சிஸ்/கிளாஸ்/ஸ்கஸி_டேப்/எஸ்டி0/ஸ்டாட்ஸ் டைரக்டரியில் உள்ள எண்களைப் படிக்கலாம். சிஸ்ஸ்டாட் தொகுப்பில் உள்ள டேப்ஸ்டாட் கருவி அதையே வரிசையாகக் காட்டும்.

டேப் நிறையும்போது நடப்பதைக் கவனமாகக் கையாள வேண்டும். டிரைவ் 'முடிவு நெருங்குகிறது' என்று முன்னெச்சரிக்கை கொடுக்கும். அப்போதைய ரைட் ஒழுங்காக முடியும், அடுத்த ரைட் இஎன்ஓஎஸ்பிசி பிழையோடு திரும்பும், அதற்கும் அடுத்த ரைட் மறுபடி வெற்றி பெறும். தவறு போலத் தெரிந்தாலும் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், 'மீதி அடுத்த டேப்பில்' என்று ஒரு கடைசிக் குறிப்பு எழுத இடம் விடுவதற்காக. பிழையைக் கண்டும் காணாமல் எழுதிக்கொண்டே போகும் புரோகிராம் ஒன்றுவிட்டு ஒன்று பிளாக்கைத் தொலைத்துக்கொண்டு போகும்.

குளோஸ் அழைப்பின் திரும்பும் மதிப்பை யாரும் பார்ப்பதில்லை, டேப்பில் மட்டுமாவது பாருங்கள். கெர்னலிலும் டிரைவிலும் பஃபர் இருப்பதால், ரைட் வெற்றி என்று சொன்ன தகவல் இன்னும் டேப்பைத் தொட்டிருக்காது. மிச்சத்தை எழுதி ஃபைல்மார்க் போடுவது குளோஸில் நடக்கிறது, அங்கே தோற்றால் உங்கள் பேக்கப் தோற்றது.

எஸ்ஜி எதற்கு

எல்எஸ்ஸ்கஸி -ஜி போட்டால் அதே டிரைவுக்கு எஸ்டி0-வுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்ஜி பெயரும் தெரியும். அது ஸ்கஸி கட்டளைகளை நேராக அனுப்பும் கதவு. டேப் மாற்றும் ரோபோ உள்ள லைப்ரரியில் ரோபோவுக்கும் தனி எஸ்ஜி பெயர் இருக்கும், எம்டிஎக்ஸ் கட்டளைக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும், டிரைவுடையதை அல்ல. டிரைவின் எஸ்ஜி வழியாக டேப்பை நகர்த்தும் கட்டளை அனுப்பினால் எஸ்டி டிரைவருக்கு அது தெரியவே தெரியாது, அதன் ஃபைல் எண், பிளாக் எண் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். டிரைவ் தரும் எச்சரிக்கைகளான டேப்அலர்ட்டைப் பார்ப்பது, டிரைவின் அடையாளத்தைக் கேட்பது போன்ற விசாரிப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நடுவில் ஸ்கஸி ரீசெட் நடந்தாலும் இதே நிலைதான், ஆனால் அதைக் கெர்னல் தெரிந்துகொள்கிறது. டேப் எங்கே நிற்கிறது என்று உறுதியில்லாததால் ரீட், ரைட் எல்லாவற்றுக்கும் இஐஓ பிழை கொடுத்து மறுக்கும், ரீவைண்ட், சீக், இஓஎம் போன்ற ஏதாவது ஒன்றால் இடத்தை உறுதிப்படுத்தும்வரை விடாது. டிரைவ் செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் டிமெஸ்க் கட்டளையில் கெர்னல் செய்திகளைப் பாருங்கள்.

மற்ற சிஸ்டங்களில் பெயர் மாறும், கருத்து மாறாது. ஃப்ரீபிஎஸ்டியில் எஸ்ஏ0, என்எஸ்ஏ0, கூடவே மூடினால் டேப்பை வெளியே தள்ளும் இஎஸ்ஏ0. சோலாரிஸில் /டெவ்/ஆர்எம்டி/0 என்றும் ரீவைண்ட் வேண்டாமென்றால் 0என் என்றும். ஏஐஎக்ஸில் ஆர்எம்டி0, ரீவைண்ட் இல்லாதது ஆர்எம்டி0.1.

டிரைவ் கையில் இல்லாமலே இதையெல்லாம் செய்து பார்க்க எம்எச்விடிஎல் இருக்கிறது, போலி டேப் லைப்ரரியைக் கெர்னலுக்குள் உருவாக்கித் தரும், எஸ்டி, என்எஸ்டி, எஸ்ஜி எல்லாம் அசல் போலவே முளைக்கும். பேக்கப் ஸ்கிரிப்டை அசல் கார்ட்ரிட்ஜில் ஓட்டுவதற்கு முன் அதில் ஓட்டுங்கள், முக்கியமாக இஓஎம் தோற்கும்போதும் டேப் நிறையும்போதும் ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்று.